பாரம் இறங்கிய பிறகு

தமிழில் கிறிஸ்தவ இலக்கியம் என்று ஒன்று இருப்பதைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் ஒப்புக்கொள்கின்றன. ஒப்புக்கொள்வதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம், வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் என்று பட்டியல் வரும். வீரமாமுனிவர் அகராதி செய்தார், உரைநடைக்கு உழைத்தார் என்று நன்றி கூறுதல் வரும். ‘கிறிஸ்தவர்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டு’ என்பதே பெரும்பாலும் தலைப்பு. தொண்டு என்ற சொல் இங்கே ஒரு தந்திரம். தொண்டு செய்தவனை யாரும் விமர்சிப்பதில்லை. ஆகவே வாசிப்பதும் இல்லை. மாலை போட்டு உட்கார வைத்துவிடுகிறோம்.

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நம் கதை வேறு. நமக்கு இந்த விஷயமே கூச்சம் தருகிறது. கரமஸோவ் சகோதரர்களில் வரும் ஸோசிமாவின் முன் மானசீகமாக மண்டியிட்டவர்கள் நாம். அல்யோஷாவுக்காகக் கண் கலங்கியவர்கள். ஆனால் சேந்தமங்கலம் சாலையில் ஓட்டுக் கூரையின் கீழ் நடக்கும் ஒரு ஜெபக்கூட்டத்தின் ஒலிபெருக்கியைக் கேட்டால் முகம் சுளிக்கிறோம். ருஷ்யக் கிறிஸ்து நமக்குத் தத்துவம்; நாமக்கல் கிறிஸ்து துண்டுப் பிரசுரம். இந்த இரட்டை மனப்பான்மையை நாம் எந்த இடத்திலும் கேள்விக்குட்படுத்தியதில்லை. நான் கிறிஸ்தவன் அல்ல. மதமாற்றத்துக்கு வக்காலத்து வாங்குவதோ அதைக் கண்டிப்பதோ என் நோக்கமும் அல்ல. என் கேள்வி இலக்கியம் சம்பந்தப்பட்டது: விசுவாசம் கொண்ட ஒரு மனிதன், அந்த விசுவாசத்தின் வழியாகவே, வருஷக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக அறிவில் முதிர்வதைத் தமிழ் எழுத்து காட்டியிருக்கிறதா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. நான் உட்காரும் வங்கிக் கவுண்டரில் வந்தது.

மாதாமாதம் முதியோர் உதவித்தொகை எடுக்க ஒரு பெரியவர் வருவார். சேகோ பேக்டரியில் குச்சிக்கிழங்கு தோல் உரித்து உடம்பு தேய்ந்தவர். வெகுகாலம் கைநாட்டுத்தான் வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் சபையில் சேர்ந்து, வேதப்புத்தகத்தைத் தாமே வாசிக்க வேண்டும் என்பதற்காக மாலை நேரத்தில் எழுத்துப் படித்திருக்கிறார். பிறகு வங்கிக்கு வந்து, இனிமேல் கையெழுத்துப் போடுகிறேன் என்று மாதிரிக் கையெழுத்தும் கொடுத்துவிட்டார். தொல்லை அப்புறம்தான் ஆரம்பித்தது. சலானில் அவர் போடும் கையெழுத்து, கணினித் திரையில் தெரியும் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போவதில்லை. என் வேலையே அந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒருநாள் சலானைத் திருப்பிக் கொடுத்து, “ஏன் பெரியவரே, ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு மாதிரி போடறீங்க, கை நடுங்குதா?” என்று கேட்டேன்.

“நடுக்கமெல்லாம் இல்லீங்க சார். எழுத்து இன்னும் படிஞ்சு வரலீங்க. போன மாசத்துக்கு இந்த மாசம் கொஞ்சம் தேவலைங்க, பாருங்க” என்றார்.

பார்த்தேன். உண்மைதான். ‘ய’வன்னா கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. வங்கிக்கு வேண்டியது மாறாத கையெழுத்து. கைநாட்டு அப்படிப்பட்டது, பிறந்தபோது இருந்த ரேகைதான் சாகும்போதும். கையெழுத்து சம்பாதித்துக்கொள்வது. சம்பாதித்துக்கொண்டிருக்கும் வரை அது மாறத்தான் செய்யும். சபையில் சேர்ந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் ஒருபோதும் பேசியதில்லை. அதற்குப் பிந்திய மாதங்கள்தாம் அவருக்கு முக்கியம் என்று தோன்றியது. நான் படித்திருந்த தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தெல்லாம் இதற்கு நேர்மாறாக இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

*

நம் மரபில் ஞானம் எப்படி வருகிறது? சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுக் குழந்தை ஞானப்பால் உண்ட கணத்தில் வருகிறது. பால் மணம் மாறாத வாயிலிருந்து பதிகம் பிறந்துவிடுகிறது. சுவாமிமலையில் பிள்ளை தகப்பனுக்கே உபதேசம் செய்கிறான். இங்கே ஞானம் ஒரு நிலை. திறக்கும்போது முழுதாகத் திறக்கும். லூக்காவின் சுவிசேஷம் காட்டும் பிள்ளை வேறு மாதிரி. பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கிறது, கேள்விகள் கேட்கிறது. பிறகு பெற்றோரோடு ஊர் திரும்பி, வளர்த்தியில் மட்டுமல்ல, ஞானத்திலும் வளர்ந்தது என்று லூக்கா எழுதுகிறார். தெய்வம் என்று நம்பப்படுகிற ஒருவர் ஞானத்தில் ‘வளர்ந்தார்’ என்று சொல்வது சாதாரண விஷயமல்ல. வளர்ச்சி என்றால் காலம். காலம் என்றால் நேற்று தெரியாமலிருந்தது என்று ஒப்புக்கொள்ளல்.

சைவ சித்தாந்தத்திலும் வளர்ச்சி உண்டே என்று கேட்கலாம். உண்டு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிகள் உண்டு. மலபரிபாகம் என்ற அருமையான கருத்தே உண்டு. ஆனால் அதன் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் மலம் பக்குவப்பட வேண்டும். பக்குவப்பட்ட உயிரில்தான் சத்திநிபாதம், அருள் பதிதல். கனிவது முன்னே, அருள் பின்னே. அருள் பதிந்தபின் சொல்வதற்குச் சொற்கள் குறைந்துபோகின்றன. மௌனம்தான் உயர்ந்த நிலை. அப்பர் இதற்குக் கொஞ்சம் விலகி நிற்கிறார். சமணத்தில் கழித்த ஆண்டுகளை எண்ணி எண்ணி நொந்துகொண்ட அந்த முதியவரிடம், நடந்து தீர்க்க வேண்டிய தூரம் என்ற உணர்வு கடைசி வரை இருந்தது. அதனால்தானோ என்னவோ, நால்வரில் நம் காலத்துக்கு மிக நெருக்கமானவராக அவர் படுகிறார்.

கிறிஸ்தவ அனுபவம், குறிப்பாகச் சீர்திருத்தச் சபைகளின் அனுபவம், இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. அருள் முன்னே, கனிவது பின்னே. இதைத் தெளிவாகக் காட்டிய எழுத்து ஜான் பன்யனுடையது.

பன்யன் பெட்ஃபோர்டு பக்கத்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைத்துப் பிழைத்தவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் 1672 வரை பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்தவர். அவருடைய ‘பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்’ நூலின் முதல் பாகம் 1678-இல் வந்தது. பி.ஏ. வகுப்பில் அதை உருவகக் கதைக்கு உதாரணமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் அமைப்பில் உள்ள ஆச்சரியத்தை யாரும் சொல்லவில்லை. முதுகில் பெரிய மூட்டையோடு ஒருவன் வீட்டை விட்டு ஓடுகிறான். அந்த மூட்டை எங்கே விழ வேண்டும்? கதை தெரிந்த எந்த ஆசிரியனும் கடைசியில்தான் விழவைப்பான். பன்யனோ பாதி வழிகூட ஆகாதபோதே, ஒரு சிலுவையின் முன் அதை அவிழ்ந்து உருள விட்டுவிடுகிறார். பாவச்சுமை தீர்ந்தது, ரட்சிப்பு கிடைத்துவிட்டது. அப்படியானால் மிச்சப் புத்தகம் எதற்கு?

மிச்சப் புத்தகம்தான் புத்தகம். பாரம் இறங்கியவன் மலையேறும்போது நிழலில் தூங்கிப் போகிறான், கையிலிருந்த ஓலையை நழுவ விடுகிறான், அதைத் தேடித் திரும்பி வந்து, ஒரு முறை நடந்திருக்க வேண்டிய வழியை மூன்று முறை நடக்கிறான். தோழன் மாயச் சந்தையில் கொல்லப்படுகிறான். சௌகரியமான ஒரு குறுக்குப் பாதையில் இறங்கி, சந்தேகக் கோட்டையில் அரக்கனிடம் அகப்பட்டு நாட்கணக்கில் அடிபடுகிறான். கோட்டையைத் திறக்கும் சாவி அத்தனை நாளும் தன் மார்புச் சட்டைக்குள்ளேயே இருந்ததைப் பிறகே நினைத்துக்கொள்கிறான். கடைசி ஆற்றிலும் பயந்து மூழ்குகிறான். கூட வந்தவன் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ரட்சிக்கப்பட்டவன் இவ்வளவு தவறு செய்யலாமா? செய்யலாம் என்பதல்ல பன்யன் சொல்வது, செய்கிறான் என்பதே. அவன் ஞானம் இந்தத் தவறுகளின் வழியே, கூட நடப்பவனோடு பேசிப் பேசி விளைகிறது. புத்தகத்தின் பெரும் பகுதி வழிப்பேச்சு. ஆங்கில நாவலின் முன்னோடிகளில் ஒன்றாக இது எண்ணப்படுவதற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம்.

இதை எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை தமிழில் காவியமாக்கினார். 1827-இல் நெல்லைச் சீமையில் கரையிருப்பில் வைஷ்ணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனில் ஊறியவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். இரட்சணிய யாத்திரிகம் நூலாக வந்தது 1894-இல். மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட செய்யுட்கள். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என்று ஐந்து பிரிவுகள். ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்ற பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்தில்தான் விபத்தும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

கம்பனின் செய்யுள் நடை எதையும் மகத்தானதாக்கிவிடும். அது அதன் பலம். ஆனால் பன்யனுக்கு வேண்டியது மகத்துவம் அல்ல. சேறு சேறாக இருக்க வேண்டும். ஓலையைத் தொலைத்தவன் அசடு வழிய வேண்டும். விருத்தத்தில் அசடு வழிய முடியாது. வழுக்கி விழுபவனும் அங்கே இலக்கணப்படி, எதுகை மோனையோடு விழுகிறான். எல்லா அடிகளும் ஒரே அழகில் நடப்பதால், கடினமான அடி எது, எளிதான அடி எது என்ற வேற்றுமை வாசகனின் காலுக்குத் தெரியாமல் போகிறது. பன்யன் வழியோரத்தில் ஒரு சிலுவையை மட்டும் நிறுத்திவிட்டுப் போகும் இடத்தில், கிருஷ்ண பிள்ளை குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளையே விரித்துப் பாடுகிறார். காவியமாக அது நியாயம். அந்தப் பகுதிகளில் உருக்கமும் உண்டு. ஆனால் கனம் முழுவதும் பாரம் இறங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் நீண்ட நடை, நிறைவேற்ற வேண்டிய ஒரு சம்பிரதாயம்போல் ஆகிறது.

ஞானஸ்நானத்துக்கும் நூல் வெளிவந்ததற்கும் இடையே முப்பத்தாறு வருஷங்கள். முப்பத்தோரு வயதில் விசுவாசத்துக்குள் வந்தவர் அறுபத்தேழு வயதில் புத்தகம் போடுகிறார். அந்த முப்பத்தாறு வருஷத்தில் அவருக்குள் நடந்தது என்ன? பழைய உறவுகள், பழைய தெய்வங்களின் நினைவு, கம்பனின் ராமனை நெஞ்சில் வைத்துக்கொண்டே வேறொருவரைத் தொழுவதிலுள்ள நுட்பமான வலி, இவையெல்லாம் எங்கே? காவியத்தின் கட்டுக்கோப்பில் இல்லை. இடையிடையே வரும் தேவாரப் பாடல்களில் இருக்கிறது. அங்கே காவியகர்த்தா விலகிக்கொள்ள, மன்றாடும் ஒரு தனி மனிதன் முன்னே வருகிறான். நடை இறங்குகிறது, ஆள் தெரிகிறான். கிருஷ்ண பிள்ளையை வாசிக்க விரும்பும் நண்பர்கள் அந்தப் பாடல்களிலிருந்து தொடங்கிக் காவியத்துக்குப் போக வேண்டும் என்பது என் சிபாரிசு. பட்டத்திலிருந்து தொடங்கினால் கவிஞர் கிடைக்கமாட்டார்.

*

நம் பகுதிக்கு வருகிறேன். சேந்தமங்கலத்தில் வேலை பார்ப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், ராபர்ட் டி நோபிலி இந்த ஊருக்கு வந்தார் என்பது? 1577-இல் இத்தாலியில் பிறந்து, 1606-இல் மதுரை வந்து, காவி கட்டித் தத்துவ போதகர் என்று பெயர் பூண்ட யேசு சபைத் துறவி. அவருடைய முறைகள் மீதிருந்த வழக்கை 1623 ஜனவரியில் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் அவருக்குச் சாதகமாகத் தீர்த்தார். அதே வருஷம் நோபிலி மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் என்று இந்தச் சமவெளியில் நடந்தார். சேலத்தில் அரசுரிமை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார் என்பது மிஷன் வரலாறு.

நோபிலி தமிழுக்குக் கொடுத்தது ஒரு பரிபாஷை. அவருக்கு முன் கடற்கரையில் போர்த்துக்கீசியச் சொற்களை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்தவனாவது என்றால் பறங்கிக் குலத்தில் சேர்வது என்று பொருள்பட்ட காலம். வேதம், குரு, பூசை, அருள் என்ற நம் சொற்களை எடுத்துக் கிறிஸ்தவச் சிந்தனையை அவற்றில் ஏற்றத் துணிந்தார் அவர். அதற்காக நான் அவரை மதிக்கிறேன். ஆனால் அவருடைய நூல்களின் பெயர்களைப் பாருங்கள்: ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம், ஞானோபதேசம். நிர்ணயம் செய்கிறார், திக்காரம் செய்கிறார், உபதேசிக்கிறார். எல்லாம் தர்க்கம். தர்க்கத்தில் எதிராளி தோற்பான், அல்லது மதம் மாறுவான். வளரமாட்டான். வாசலுக்கு வெளியே நிற்பவனை உள்ளே அழைப்பதற்கான மொழி அது. உள்ளே வந்தவன் நாற்பது வருஷம் என்ன செய்தான் என்று சொல்ல அந்த மொழிக்கு ஏற்பாடு இல்லை.

இன்னொன்றும் உள்ளே வந்தது. பிராமண சந்நியாசியாக வாழ்ந்த நோபிலி சாதி வரிசையை ஏற்றுக்கொண்டுதான் பணி செய்தார். தாழ்த்தப்பட்டவர்களிடையே பழகுவதற்கென்று 1640-க்குப் பிறகு பண்டாரசுவாமிகள் என்று தனி வகைக் குருமார் ஏற்பட்டார்கள். பாவத்தின் மூட்டையை வாசலில் இறக்கிவைக்கச் சொன்ன சபை, பிறப்பின் மூட்டையைத் தூக்கிக்கொண்டே உள்ளே வரச் சொன்னது. தமிழ்க் கிறிஸ்தவனின் பயணத்தில் பன்யனுக்குத் தெரியாத இந்த இரண்டாவது பாரம் ஒன்று உண்டு. கிருஷ்ண பிள்ளையின் காவியத்தில் அதற்கு ஒரு பருவம் இல்லை.

மூன்று நூற்றாண்டு கழித்து அதே சேந்தமங்கலத்துக்கு வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும். 1913-இல் மணம் செய்துகொண்டு கொல்லிமலைக்கு ஏறினார்கள். வைத்தியம், பள்ளிக்கூடம், தச்சு வேலை, பழமரங்கள். 1929-இல் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலில் மலையிலேயே இறந்தார். மகன் பால் பிராண்ட் ஒன்பது வயதில், 1923-இல், படிப்பதற்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டிருந்தான். தந்தை இறந்த செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாகப் பயணப்பட்டு, அதற்குப் பிறகும் மகனுக்கு வந்துகொண்டிருந்தன. மலையின் மரங்களைப் பற்றி, அவற்றைப் படைத்தவரைப் பற்றி, இறந்துபோன கை எழுதியவை. இதைவிட நல்ல நாவல் சந்தர்ப்பம் ஒன்றை நம்மில் யாரும் கற்பனை செய்ததில்லை.

ஈவ்லினின் கதை அதற்குப் பின்தான் ஆரம்பிக்கிறது. விதவையாகிச் சமவெளியில் வேலை செய்தார். எழுபதை ஒட்டிய வயதில் மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஓய்வு பெற்றவர் இங்கிலாந்துக்குப் போகவில்லை. தாமாகவே மலைக்குத் திரும்பினார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று மட்டக்குதிரையில் சுற்றினார். எலும்பு முறிந்தபின் இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். கடைசி இருபது வருஷம் அவர் வீட்டில் கண்ணாடி இருந்ததில்லை என்று மகன் சொல்லியிருக்கிறார். 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவர் பக்கத்தில் புதைத்தார்கள். மிஷனரி வாழ்க்கை வரலாறுகளில் எனக்குச் சலிப்பு உண்டு. எல்லோரும் பளிச்சென்று இருப்பார்கள். இந்த அம்மாளிடம் என்னைப் பிடித்து நிறுத்தியது தியாகம் அல்ல. நாற்பதில் இருந்த ஈவ்லின் அல்ல எழுபதில் இருந்தவர் என்பது. பாரம் இறங்கிய பிறகு, கணவன் இறந்த பிறகு, வேலை முடிந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பிறகு, ஒருவர் நடையைப் புதிதாகத் தொடங்குகிறார்.

மகன் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் நோயாளி தன்னையறியாமல் காயப்படுத்திக்கொள்கிறான் என்பது அவர் கண்டு நிறுவிய முக்கியமான உண்மை. அதிலிருந்து வலியே ஒரு கொடை என்ற எண்ணத்துக்கு வந்து, பிலிப் யான்சியோடு சேர்ந்து 1980 முதல் புத்தகங்கள் எழுதினார். விசுவாசமும் மருத்துவ அனுபவமும் ஒன்றையொன்று திருத்தி, ஒரு மனிதன் அறிவில் முதிர்வதற்கு அவை நல்ல சாட்சி. எல்லாம் ஆங்கிலத்தில். கொல்லிமலையிலும் வேலூரிலும் விளைந்தது வேறு களத்தில் தூற்றப்பட்டது. அந்த மலையில் அவர்களோடு நடந்த, அவர்களிடமிருந்து விசுவாசத்தைப் பெற்ற, அவர்களைவிடக் கடினமாக அதற்கு விலை கொடுத்த தமிழ் பேசும் மனிதர்கள் அந்தப் புத்தகங்களில் வருகிறார்கள், போகிறார்கள். அவர்கள் உள்ளே நடந்ததை யாரும் தமிழில் எழுதவில்லை.

*

தமிழில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அது வந்த திசை கிறிஸ்தவ இலக்கியக் கழகங்கள் எதிர்பார்த்த திசை அல்ல. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964-இல் வந்தது. அதில் கோயிலும் ஜெபமும் கதைக்குப் பின்னணியாக மட்டும் நிற்கின்றன. ஆனால் வீட்டுக்குள் அடைபட்ட லிஸியின் பொறுமை அடங்கிப் போவதல்ல, உள்ளே முற்றுவது என்பதை அந்த நாவல் சத்தமின்றிக் காட்டிவிடுகிறது. அடுத்து, 1992-இல் பாமாவின் ‘கருக்கு’.

கருக்கை தலித் இலக்கியம் என்ற அறையில் வைத்துப் பூட்டிவிட்டோம். அது அதன் இடம்தான், அதோடு முடிவதில்லை. விசுவாசத்தோடு ஒரு பெண் கன்னியர் மடத்துக்குள் போகிறாள், ஏழைகளுக்கு உழைக்கலாம் என்று. அங்கே சாதியையும் சொகுசையும் காண்கிறாள். வெளியே வருகிறாள், கையில் ஒன்றுமில்லாமல். நான் மேலே சொன்ன இரண்டாவது பாரத்தை முதன்முதலாக இறக்கிவைத்து, இதோ இது என்று காட்டிய புத்தகம் அது. பனங்கருக்கின் இருபுறப் பற்களையும் வேதத்தில் வரும் இருபுறமும் கூர்மையான வாளையும் அவர் சேர்த்து நினைப்பது தற்செயல் அல்ல. மடத்தை விட்டவர் கிறிஸ்துவை விடவில்லை; ஒடுக்கப்பட்டவன் பக்கம் நிற்கும் வேறொரு கிறிஸ்துவை அதே வேதத்திலிருந்து வாசித்து எடுக்கிறார். இது விசுவாசத்தை இழந்த கதை என்று சபையார் சொல்லலாம். சந்தேகக் கோட்டையின் சாவி உள்ளேயே இருந்த கதை என்று நான் சொல்வேன். அதன் மொழி பேச்சுமொழி. சமயங்களில் சொன்னதையே சொல்லும், தடுமாறும். விருத்தத்தில் முடியாத காரியம் இதில் முடிகிறது. இங்கே விழுகிறவர் நிஜமாக விழுகிறார். முடிவில் எழுந்து நின்றுவிட்டதாகப் பொய் சொல்வதும் இல்லை.

ஆக, என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இது. தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தின் பெரும்பகுதி வாசலைப் பாடியது. அழைத்தது, வாதிட்டது, உள்ளே வந்த கணத்தைக் கொண்டாடியது. வளர்ச்சியை எழுத அதற்கு ஒரு மொழி தேவைப்பட்டது. தவறை ஒப்புக்கொள்ளக் கூடிய, நேற்றைய கையெழுத்துக்கும் இன்றைய கையெழுத்துக்கும் வித்தியாசம் காட்டக் கூடிய ஓர் உரைநடை. அது சபைக்குப் பிடித்த குழந்தையாக வரவில்லை.

கடைசியாக நம்மைப் பற்றி. மேலே சொன்ன குறை கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதா? எலியட்டின் ‘வேஸ்ட் லேண்ட்’ 1922-இல் வந்தது. நாம் அதைத்தான் எடுத்துக்கொண்டோம். 1927-இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அதற்குப் பின் பதினைந்து வருஷம் போராடி, ‘ஃபோர் குவார்டெட்ஸ்’ வரை வந்தார். ஒரு நவீன மனம் விசுவாசத்துக்குள் வந்த பிறகும் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு முறை அதே வழியைத் திரும்ப நடந்து முதிர்கிறது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை. அதை நாம் அவருடைய பிற்போக்கு என்று ஒதுக்கினோம். வறட்சியை மட்டும் இறக்குமதி செய்தோம். நாமும் ஒருநாள் நவீனத்துவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தாம். ஏதோ ஒரு புத்தகம், ஏதோ ஒரு நண்பர், ஏதோ ஓர் இரவு; பழைய ரசனையின் மூட்டை விழுந்தது. அந்த இரவைப் பற்றி நம்மில் ஒவ்வொருவரும் எழுதியிருக்கிறோம். அதற்குப் பிந்திய வருஷங்களைப் பற்றி எழுதியவர் யார்? அதே அவநம்பிக்கை, அதே தனிமை, அதே மூன்று படிமங்கள். எத்தனை வருஷத்துக்கு முந்திய கவிதையை எடுத்து இன்றைய கவிதைக்குப் பக்கத்தில் வைத்தாலும் மாதிரிக் கையெழுத்து அச்சாக ஒத்துப்போகிறது. வங்கி திருப்திப்படும். எனக்குத் திருப்தி இல்லை. இதில் என் கட்டுரைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெரியவருக்கு இப்போது மூன்றாவது தடவையாக மாதிரிக் கையெழுத்துப் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறோம். படிவத்தை நீட்டியபோது, “இதுதான் கடைசிங்களா சார்?” என்று கேட்டார். விதிப்படி அவ்வளவு எளிதாக மாற்றிக்கொண்டே இருக்க முடியாதென்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அப்பப் பொறுமையாப் போடறேனுங்க” என்று சொல்லி, பெஞ்சில் போய் உட்கார்ந்து, வெகுநேரம் எடுத்துக்கொண்டு எழுதினார்.